இது எஸ்எஸ் அல்ல

போன வாரம் என் பழைய காரை விற்க விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி தானாக வந்துவிட்டது: "1970 செவர்லே ஷெவெல் மாலிபு. இது எஸ்எஸ் அல்ல." பதிவேற்றுவதற்கு முன்னால் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரும் கொங்குப் பக்கத்துக்காரர். இங்கே மிச்சிகனில், ட்ராய் நகரத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். இரண்டே நிமிடத்தில் போன் வந்தது.

"ஏனுங்கண்ணா, சந்தைக்கு ஓட்டிட்டுப் போற மாட்டுக்குச் சுழி சரியில்லைன்னு நாமளே சொல்லுவோமா? அந்த நாலு பேட்ஜும் உங்க கராஜ்லதான இருக்குது? எடுத்து மாட்டிவிட்டுப் படம் புடிங்க. பதினஞ்சாயிரம் டாலர் சேத்தியே சொல்லலாம்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எட்டு வருஷம் நான் அந்தக் காரோடு மல்லுக்கட்டியதைக் கூட இருந்து பார்த்தவர். இன்ஜினை இறக்கிய அன்று கிரேனின் மறுபக்கம் நின்று தாங்கிப் பிடித்தவர். நான் நஷ்டப்படக் கூடாது என்பதுதான் அவர் கவலை. ஆனாலும் அந்த வரியை நான் எடுக்கவில்லை. ஏன் என்று போனில் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எஸ்எஸ் என்றால் சூப்பர் ஸ்போர்ட். 1960களில் அமெரிக்காவில் மஸில் கார் என்று பெயரெடுத்த வண்டிகளின் சூத்திரம் எளிது: நடுத்தர அளவு உடம்பு, பெரிய காருக்கென்று செய்த வி-8 இன்ஜின், வேலைக்குச் சேர்ந்த பையன் தவணையில் வாங்கக்கூடிய விலை. ஷெவெல், செவர்லேயின் நடுத்தர வண்டி. அதில் மாலிபு சற்று வசதியான வகை. அந்த மாலிபுவுக்கு ஆர்டர் கொடுக்கும்போது படிவத்தில் ஒரு எண்ணைச் சேர்த்தால் போதும், எஸ்எஸ் ஆகிவிடும். இசட்25 என்று எழுதினால் 396 கன அங்குல இன்ஜின், இசட்15 என்று எழுதினால் 454. தனி மாடல் கிடையாது, கூடுதல் காசுக்கு ஏறும் ஒரு தொகுப்பு. இந்தச் சின்ன விஷயம்தான் இத்தனை வருஷமாக இத்தனை பொய்க்கு இடம் கொடுத்திருக்கிறது.

1970 என்பது இந்தக் கதையில் உச்சி வருஷம். அதுவரை நடுத்தரக் கார்களில் 400 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்று செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது. அந்த வருஷம் அதை நீக்கினார்கள். 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர் இன்ஜின் ஷெவெலுக்குள் இறங்கியது. அதிலும் எல்எஸ்6 என்ற வகைக்கு 450 குதிரைத்திறன் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்தது. காகிதம் எல்லாம் சரியாக இருக்கும் ஒரு அசல் எல்எஸ்6 இன்றைக்கு லட்சம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். பக்கத்தில் அதே உடம்போடு நிற்கும் சாதா மாலிபுவுக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு பானட், இரண்டு பட்டை, நாலு பேட்ஜ். கிரில்லில் ஒன்று, முன் மட்கார்டுகளில் ஆளுக்கொன்று, பின் பம்பரில் ஒன்று. நாலும் தபாலில் வரும்.

2013 அக்டோபரில் நான் இதை எஸ்எஸ் 396 என்று நம்பித்தான் வாங்கினேன். ஒஹையோவில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்றது. சிவப்பு பெயிண்ட், பானட்டில் இரண்டு கறுப்புப் பட்டை, உள்ளே எஸ்எஸ் காரில் வரும் வட்ட மீட்டர்கள். "தெற்கு மாநிலத்து வண்டி, உப்பையே பார்த்ததில்லை" என்றார் விற்றவர். 24,000 டாலர். கல்லூரிக் காலத்திலிருந்து படத்தில் பார்த்து ஏங்கிய உருவம் கண்ணெதிரே நின்றபோது, நான் வேலையில் தினமும் செய்கிற சோதனைகளில் ஒன்றைக்கூட அங்கே செய்யவில்லை. சாவியைத் திருப்பினார். அந்தச் சத்தத்தில் காசு கைமாறிவிட்டது.

உப்பு என்று அவர் சொன்னதற்கு இங்கே பெரிய அர்த்தம் உண்டு. மிச்சிகன், ஒஹையோ பக்கம் குளிர்காலம் முழுக்கச் சாலையில் பனி உருக உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஆயிரம் அடிக்குக் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. காரைச் செய்த ஊரே காரைத் தின்னும் உப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் தகட்டின் மடிப்புகளுக்குள் புகுந்து உட்கார்ந்தால், உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அதனால்தான் அரிசோனா வண்டி, டெக்சாஸ் வண்டி என்றால் இங்கே தனி விலை.

அடுத்த ஜூனில் அப்பா அம்மா வந்திருந்தார்கள். அப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் பெயிண்டராக இருந்தவர். காரை ஆசையோடு காட்டினேன். அவர் சுற்றிவந்து ஒன்றும் பேசவில்லை. பிறகு பின்சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, நடுவிரலை மடக்கி, முட்டியால் தட்டினார். கதவில் ஒரு தட்டு, டங் என்றது. சக்கரத்துக்கு மேலே ஒரு தட்டு, டங். பின்னால் கீழே ஒரு தட்டு. டொக்.

"சாமி, இது தகரமில்ல. பட்டி. ஒரு விரக்கடைக்கு இருக்கும்."

நான் நம்பவில்லை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துவந்து வைத்தேன். கதவில் கப்பென்று பிடித்தது. அப்பா தட்டிய இடத்தில் வைத்ததும் நழுவித் தரையில் விழுந்தது. அன்று சாயங்காலம் உள்ளே கார்ப்பெட்டைக் கிழித்துப் பார்த்தோம். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரைத் தகடே இல்லை. பழைய சாலைப் பெயர்ப்பலகை ஒன்றை வெட்டி ரிவெட் அடித்து, மேலே தார் பூசியிருந்தார்கள். பின் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் கால்வாய் அரித்து, மழைத் தண்ணீர் அத்தனையும் டிக்கிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஷெவெலைத் தெரிந்தவர்கள் முதலில் பார்க்கிற இடமே அதுதான் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

தகடு போனது பெரிய வேதனை இல்லை. தகடு விலைக்குக் கிடைக்கும். உண்மையில் அடிபட்ட நாள் அதற்கு அடுத்த மாதம் வந்தது.

டிக்கியின் தரையை மாற்ற வேண்டுமென்றால் பெட்ரோல் டேங்கை இறக்க வேண்டும். இரண்டு பட்டைகள், துருப்பிடித்த இரண்டு போல்ட்டுகள். ஒரு நாள் முழுக்க எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினேன். டேங்க் மெதுவாக இறங்கியது. அதன் முதுகில், தூசிக்கும் துருவுக்கும் நடுவில், பழுப்பேறிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. ஆலையில் ஒவ்வொரு வண்டிக்கும் என்னென்ன பூட்ட வேண்டும் என்று அச்சடித்து அசெம்பிளி லைனில் அனுப்பிய தாள் அது. வேலை முடிந்ததும் சிலர் அதை டேங்குக்கு மேல் செருகி விடுவார்கள், சிலர் சீட் ஸ்பிரிங்குக்குள் விடுவார்கள். அங்கே அது பல பத்தாண்டு பிழைத்துக்கிடக்கும். ஷெவெல்காரர்கள் புதையல் மாதிரித் தேடுவது அதைத்தான்.

தட்டையான கத்தியை விட்டு அரை மணி நேரம் பொறுமையாகப் பெயர்த்தேன். ஓரங்கள் உதிர்ந்தன. கட்டங்கள் மட்டும் தெளிவாக இருந்தன. இன்ஜின் கட்டத்தில் 307. கியர் கட்டத்தில் பவர்கிளைடு, அதாவது இரண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். பெயிண்ட் எண் 48, ஃபாரஸ்ட் கிரீன். இசட்25 எங்கும் இல்லை.

307 என்பது அந்த வருஷம் மாலிபுவில் வந்த சின்ன வி-8. 5 லிட்டர், 200 குதிரைத்திறன். ஒரு குடும்பம் கடைக்கும் சர்ச்சுக்கும் போய்வர வாங்கும் கார். சிவப்புகூட அதன் நிறம் இல்லை. பச்சையாகப் பிறந்த வண்டி.

அப்போதுதான் உட்கார்ந்து எண்களைப் படிக்கக் கற்றேன். முன் கண்ணாடிக்குள் டேஷ்போர்டின் ஓரத்தில் இருக்கும் அடையாள எண்ணுக்கு அப்போது 13 இலக்கம்தான். இன்றைய 17 இலக்கம் 1981இல் வந்தது. என்னுடையது 136370பி என்று தொடங்கும். முதல் 1 செவர்லே. 36 என்றால் வி-8 உள்ள மாலிபு, ஆறு சிலிண்டராக இருந்தால் 35 வந்திருக்கும். 37 இரண்டு கதவுக் கூபே. 0 என்பது 1970. பி, பால்டிமோர் ஆலை. அந்த ஆலை 2005இல் மூடப்பட்டது, ப்ரோனிங் நெடுஞ்சாலையில் அது நின்ற இடத்தில் இன்று அமேசான் கிடங்கு இருக்கிறது. இத்தனை சொல்லும் அந்த எண், எஸ்எஸ்ஸா இல்லையா என்பதை மட்டும் சொல்லாது. அசல் எஸ்எஸ் கூபேக்கும் இதே 13637தான். 307 போட்ட மாலிபுவுக்கும் இதே 13637தான்.

மிச்சமிருந்த ஒரே சாட்சி இன்ஜின். பிளாக்கின் முன்பக்கம், வலதுபுற ஹெட்டுக்கு முன்னால், கட்டை விரல் அகலத்துக்கு ஒரு மேடை இருக்கும். ஆலையில் அந்த வண்டியின் எண்ணின் ஒரு பகுதியை அதில் குத்தியிருப்பார்கள். எண்ணுக்கு அடியில் அந்த மேடையைச் சீவிய இயந்திரம் விட்டுப்போன மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். என் இன்ஜினில் கிரீசைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணும் இல்லை, கோடும் இல்லை. கிரைண்டர் வைத்து வழவழவென்று தேய்த்திருந்தார்கள். பிளாக்கில் இருந்த வார்ப்புத் தேதியோ 1972ஐச் சொன்னது. வேறு ஏதோ வண்டியில் இருந்து பிடுங்கிவந்த 402. இதில் ஒன்று சொல்ல வேண்டும், 1970இல் 396 என்று பேட்ஜ் போட்டு வந்த இன்ஜின்களே உண்மையில் 402 கன அங்குலம்தான். பெயர் பழகிவிட்டது என்று கம்பெனி பழைய எண்ணையே விட்டுவிட்டது.

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. பணம் போனதுகூட அப்புறம். ஒரு பொய்யை ஒன்பது மாதம் ஊரெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பதுதான் தொண்டையில் நின்றது. மறுநாள் காலையில் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப்போய் நாலு பேட்ஜையும் கழற்றி ஒரு காபி டப்பாவில் போட்டேன்.

விற்றவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அவருக்கு முன்னால் யாரோ, அவருக்கும் முன்னால் யாரோ. தேய்த்தவர் ஒருவர், பட்டி வைத்தவர் ஒருவர், பேட்ஜ் மாட்டியவர் ஒருவராகக்கூட இருக்கலாம். கேள்வி கேட்காமல் ஒவ்வொருவரும் கைமாற்றிவிட்டதில் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. நானும் கேட்கவில்லை. அப்பா முட்டியை மடக்கித் தட்டியிருக்காவிட்டால் நானும் அதே சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

அந்தத் தாளால் ஒரு விடுதலையும் கிடைத்தது. அசல் எஸ்எஸ் என்றால் நான் அதில் கை வைத்திருக்க மாட்டேன். காகிதத்தோடு பிழைத்திருக்கும் எல்எஸ்6 ஒன்றைக் கழற்றிப்போட்டு நவீன இன்ஜின் வைப்பவரோடு நான் சண்டைக்கே போவேன். அவை ஆயிரக்கணக்கில்தான் வந்தன, அதிலும் பாதி அழிந்துபோயிருக்கும், மிச்சத்தையாவது பிறந்தபடி விட வேண்டும். மாலிபு அப்படியல்ல, லட்சக்கணக்கில் வந்தது. இந்த வண்டிக்கோ அசல் இன்ஜினும் இல்லை, அசல் தரையும் இல்லை. இதைப் பழையபடி ஆக்குவதென்றால் நானே ஒரு நகலைச் செய்ய வேண்டும். அதைவிட, பச்சை மாலிபுவாகவே வைத்து, என் குடும்பம் பயமில்லாமல் ஏறிப்போகிற வண்டியாகக் கட்டலாம் என்று தோன்றியது. பழைய உடம்பு, புது உயிர். இங்கே இதற்கு ரெஸ்டோமாட் என்று பெயர்.

மாற்றிக் கட்டினால் சரித்திரம் கெட்டுவிடும் என்று சண்டை பிடிப்பவர்களுக்கு நான் ஒன்று சொல்வேன். மஸில் கார் பிறந்ததே மாற்றிக் கட்டியதில்தான். 1964 மாடலுக்காக, ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு பிராண்டான போன்டியாக்கில் ஜான் டெலோரியனும் கூட இருந்த இன்ஜினியர்களும் டெம்பெஸ்ட் என்ற அடக்கமான காரில் பெரிய காரின் 389 இன்ஜினை வைத்தார்கள். அப்போது நடுத்தரக் காருக்கு வரம்பு 400ஐவிடவும் குறைவு, அதனால் அது கம்பெனியின் விதிக்கே விரோதம். விதி புது மாடலுக்குத்தானே, கூடுதல் தொகுப்புக்கு இல்லையே என்று அதை ஆப்ஷனாக நுழைத்தார்கள். ஜிடிஓ என்று பெயர் வைத்தார்கள். முதல் வருஷத்திலேயே 32,450 விற்றது. விற்ற பிறகு எந்த மேலதிகாரி வேண்டாம் என்பார்?

கம்பெனி நிறுத்திய இடத்திலிருந்து டீலர்கள் தொடர்ந்தார்கள். பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் டான் யென்கோ, செவர்லேயின் கமாரோ காரில் 427 இன்ஜினை வைத்து விற்றார். எங்கள் வீட்டிலிருந்து பத்து மைல் போனால் ராயல் ஓக். அங்கே ராயல் போன்டியாக் என்ற டீலர் ஜிடிஓவை இன்னும் முறுக்கேற்றிக் கொடுத்தார். அந்த வண்டிகள் ராத்திரியில் வுட்வர்ட் அவென்யூவில் சிக்னலுக்குச் சிக்னல் மோதிப் பார்த்தன. வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஓட்டிவந்த மறுநாளே வீல், சைலன்சர், கார்புரேட்டர் எல்லாவற்றையும் மாற்றினார்கள். அப்படி மாற்றிய வண்டிகளை இன்றைக்கு 'இரண்டாம் நாள் கார்' என்றே தனியாகச் சேகரிக்கிறார்கள். ஆக, ஸ்பேனர் எடுப்பது இந்த இனத்தின் இரத்தத்திலேயே உண்டு. யென்கோ மாற்றிய காரில் யென்கோ என்றே எழுதினார். எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

உடம்பைக் கட்டவே நாலு வருஷம் போனது. ஷெவெலுக்கு லாரி மாதிரித் தனிச் சேஸ் உண்டு. உடம்பு அதன் மேல் ரப்பர் புஷ் வைத்துப் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கித் தனியாக வைத்து, மணல் அடித்துப் பெயிண்டையும் பட்டியையும் உதிர்த்தபோது வண்டி சல்லடையாக நின்றது. தரை முழுக்கப் புதுசு, டிக்கித் தரை புதுசு, பின்பக்கத் தகடுகள் இரண்டும் புதுசு, பின் கண்ணாடிக் கால்வாய் புதுசு. கூரையும் கதவுகளும் டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தகடும் பால்டிமோர் ஆலையிலிருந்தே வந்தவை. வெல்டிங்கில் பாதி என் கையால், பாதி ஒரு பட்டறையில். என் கை வேலை எந்தப் பாதி என்று விளம்பரத்தில் படத்தோடு குறித்திருக்கிறேன்.

2017இல் அப்பா மறுபடி வந்தார். "தகரம் சரியா இருந்தா பட்டி காகிதம் மாதிரிப் போதும்" என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதம் அந்தக் கராஜிலேயே கிடந்தார். மரக்கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தெளித்துத் தெளித்து, குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பார். பிறகு ஒரு பழைய வேட்டித் துண்டைத் தகட்டின் மேல் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கதவிலிருந்து பின் விளக்கு வரைக்கும் நடந்துபோவார். வெறுங்கையில் தகட்டின் சொரசொரப்புதான் தெரியும், நடுவில் துணி இருந்தால்தான் மேடுபள்ளம் தெரியும் என்பார். பாதி வழியில் நிற்பார். பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். என் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே தெரியாது. டியூப்லைட்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வட்டத்துக்குள் வெளிச்சம் லேசாக நெளியும். அப்படி எத்தனை வட்டம் என்று எண்ணவில்லை. அம்மாதான் சாப்பாட்டைக் கராஜுக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்.

நிறம் என்னவென்று யோசிக்கவே இல்லை. தாளில் 48 என்று இருந்தது. டேஷ்போர்டைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் உள்ளங்கையளவு பழைய பச்சை அப்படியே இருந்தது. வெயில் படாத, யாரும் கை வைக்காத பச்சை. அதைப் பார்த்துத்தான் கலந்தோம். அந்தத் துண்டை மட்டும் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருக்கிறேன். டேஷ்போர்டைக் கழற்றினால் இன்றும் பார்க்கலாம். மேலே பூசியது இந்தக் காலத்துப் பெயிண்ட், மேலே கிளியர் கோட். ஆலையில் அன்று அடித்தது அக்ரிலிக் லேக்கர், இந்த அளவுக்கு மினுங்கியிருக்காது, கதவு இடுக்குகளும் இத்தனை சீராக இருந்திருக்காது. அதையும் எழுதியிருக்கிறேன்.

இப்போது உள்ளே இருப்பது எல்எஸ்3 என்ற இந்தக் காலத்து வி-8 இன்ஜின். 6.2 லிட்டர், 430 குதிரைத்திறன். ஆலையிலிருந்து பெட்டியில் வந்த புது இன்ஜின். 1970இல் 396க்கு 350 என்று போட்டதோடு இதை ஒப்பிட்டு, வித்தியாசம் எண்பதுதானே என்று நினைக்கக் கூடாது. அன்றைய எண் ஃபேன், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் மேடையில் நிறுத்தி அளந்தது. 1972இல் எல்லாம் பூட்டி அளக்கத் தொடங்கினார்கள். 1971இல் 365 என்று விளம்பரம் செய்த எல்எஸ்5 என்ற 454 இன்ஜினே அடுத்த வருஷம் 270 என்று வந்தது. பிறகு புகைச் சட்டம், இன்சூரன்ஸ் கட்டணம், 1973 எண்ணெய்த் தட்டுப்பாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தக் காலத்தையே முடித்துவிட்டன.

கியர்பாக்ஸ் ஆறு கியர் டி56 மேக்னம். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சாதா மாலிபுவுக்கு நாலும் டிரம்தான். பழைய டிரம்மோடு ஒருமுறை ஐ-75 நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் லாரி நின்றது. பெடலை இரண்டு காலாலும் மிதித்தேன். வண்டி இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போய், லாரியைத் தொடக் கையளவு இருக்கும்போது நின்றது. பின் சீட்டில் மகள். எட்டு வயது. டிஸ்க் பிரேக் மாற்றியது அசல் தன்மையைக் கெடுத்துவிட்டது என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த லாரியின் பின் விளக்குதான் ஞாபகம் வரும்.

2021 ஆகஸ்டில் முதல் முறையாக வுட்வர்ட் ட்ரீம் குரூஸுக்கு ஓட்டிப் போனோம். 1995இல் டெட்ராய்ட் பக்கத்து ஃபெர்ன்டேலில் பிள்ளைகள் கால்பந்து ஆட ஒரு மைதானத்துக்குப் பணம் திரட்டத் தொடங்கியது இது. இப்போது ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை ஃபெர்ன்டேலிலிருந்து போன்டியாக் நகரம் வரைக்கும் சாலை முழுக்கப் பழைய கார்கள்தான். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். "எஸ்எஸ்ஸா?" என்று சிக்னலில் பத்துப் பேராவது கேட்டார்கள். பத்துப் பேருக்கும் மகள்தான் ஜன்னலில் தலையை நீட்டிப் பதில் சொன்னாள்: "இல்லை, மாலிபு! 307ஆகப் பிறந்தது!" ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினார்.

அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். கட்டணம் உயர்ந்துகொண்டே போகிறது. விற்கும் காரணம் அதுதான், வேறு எதுவும் இல்லை. பாகங்களுக்கு மட்டும் 71,000 டாலர் ஆகியிருக்கிறது, ரசீதெல்லாம் கோப்பில் இருக்கிறது. கேட்பது 64,000. என் உழைப்புக்கும் அப்பாவின் மூன்று மாதத்துக்கும் கணக்கே போடவில்லை. இந்தக் கணக்கு எல்லாருக்கும் இப்படித்தான் வரும். லாபத்துக்குக் கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள்.

விளம்பரத்தில் குறைகளை முதலில் போட்டிருக்கிறேன். அறுபது மைலுக்கு மேல் ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் காற்று இரையும். கிளட்ச் கனம், டிராஃபிக்கில் கால் வலிக்கும். இடது பின்சக்கர வளைவின் உதட்டில் மிளகு அளவில் ஒரு கொப்புளம் எழும்பியிருக்கிறது. அது என் வெல்டிங் பக்கம். வட்ட மீட்டர் டேஷ்போர்டு எஸ்எஸ் வகை, யாரோ முன்னால் மாட்டியது, அதில் புது மீட்டர்களைப் போட்டிருக்கிறேன். பிறந்த இன்ஜின் இல்லை. பழைய 402ஐ விற்றபோது எண் தேய்க்கப்பட்டது என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்றேன்.

இதுவரை இரண்டு பேர் வந்தார்கள். முதலாமவர் முதல் வரியைச் சரியாகப் படிக்காமல் வந்துவிட்டார், பேட்ஜ் எங்கே என்று கேட்டார், போய்விட்டார். இரண்டாமவர் கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியோடு வந்தார். பானட்டைத் திறக்கச் சொல்லவே இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அந்தப் பழுப்புத் தாளைத்தான் கால் மணி நேரம் வைத்துப் படித்தார். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் விரலை ஓட்டினார். அவருடைய முதல் கார் 307, பவர்கிளைடு. "அதையே விட்டிருந்தால் வாங்கியிருப்பேன்" என்றார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. போகும்போது பின்பக்கத் தகட்டில் முட்டியால் தட்டிப் பார்த்தார். டங்.

நேற்று அப்பாவோடு வீடியோவில் பேசும்போது விற்கப்போவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "டிக்கி இடுக்கு ரெண்டு பக்கமும் சமமா நிக்குதா?" என்று கேட்டார். போனை எடுத்துப்போய்க் காட்டினேன். இடது பக்கம் கிட்டக் காட்டு என்றார், காட்டினேன். "வாங்கறவங்ககிட்ட அந்தக் கொப்புளத்தைச் சொல்லீட்டயா?" என்றார். எழுதியிருக்கிறேன் என்றேன். "சரி, குடு" என்றார்.

விளம்பரத்தில் 62 படங்கள். கடைசிப் படம் காபி டப்பாவுடையது, நாலு பேட்ஜும் உள்ளே தெரியும். அதன் கீழே எழுதியிருக்கிறேன்: "இவை காரோடு வந்தவை. காருடையவை அல்ல. விற்பனையில் சேராது." அந்த வரியைப் படித்த நண்பர் மறுபடி போன் செய்தார். இந்த முறை பேட்ஜைப் பற்றிப் பேசவில்லை, சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும் என்று மட்டும் கேட்டார். லான்சிங்கிலிருந்து பத்து மணிக்கு ஒருவர் பார்க்க வருகிறார். அதற்குள் காரைக் கழுவ வேண்டும், டயரில் காற்று பார்க்க வேண்டும்.